அணிலின் கவனக்குறைவு

படத்தில் அணில் செத்துப்போக வேண்டும் என்று சொன்னவள் முனீஸ்வரி. அவளுக்குப் பத்து வயது.

சுமைரா முதலில் வேறு மாதிரி யோசித்திருந்தாள். நட்சத்திரம் உருட்டும் கம்பெனியில் வேலை பார்க்கிற அணில், வெடி விபத்துக்குப் பிறகு தானே ஒரு நட்சத்திரமாகி வானத்தில் மின்னும். சின்னப் பிள்ளைகள் பார்க்கிற களிமண் பொம்மைப் படம், அழவிட்டு வீட்டுக்கு அனுப்பக் கூடாது என்று நினைத்தாள். சிவகாசிக்குப் பக்கத்தில் விஸ்வநத்தம் நூலகக் கட்டடத்தில் வட்டமாக உட்கார்ந்து கலர் களிமண்ணை உருட்டிக்கொண்டிருந்த பிள்ளைகளிடம் இதைச் சொன்னதும் எல்லாரும் தலையாட்டினார்கள். முனீஸ்வரி மட்டும் கையிலிருந்த களிமண் எருமைக் கொம்பைக் கீழே வைத்தாள்.

“எங்கம்மா நட்சத்திரமெல்லாம் ஆகலை டீச்சர். மதுர ஆஸ்பத்திரியில செத்துச்சு.”

மற்ற பிள்ளைகள் உருட்டுவதை நிறுத்தவில்லை. அவர்களுக்கு அது தெரிந்த செய்தி. சுமைராவுக்குத்தான் தெரிந்திருக்கவில்லை.

முனீஸ்வரியின் அம்மா மாரித்தாய், லட்சுமிகாந்தம் அண்ணாச்சியின் பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து அடைக்கிற வேலை பார்த்தவள். ஒரு ரூமில் நான்கு பேருக்கு மேல் உட்காரக் கூடாது என்பது சட்டம். விபத்து நடந்த அன்றைக்கு அவள் இருந்த ரூமில் ஒன்பது பேர். தீபாவளி ஆர்டர் நெருக்கியதால் முடிந்த சரக்கையும் வாசலிலேயே அடுக்கி வைத்திருந்தார்கள். ரூம் வெடித்தபோது ஓடுவதற்கு வழி இல்லை. பிறகு வந்த விசாரணை அறிக்கையில், மருந்தைக் கையாண்ட பெண் தொழிலாளியின் கவனக்குறைவே விபத்துக்குக் காரணம் என்று இருந்தது. பெயர் மாரித்தாய். செத்தவள் எழுந்து வந்து மறுத்துப் பேச முடியாது அல்லவா, அந்த வசதிக்காக அவளைத் தேர்ந்தெடுத்தார்கள்.

சுமைரா விருதுநகரில் மிளகாய் மண்டி வைத்திருக்கும் முகம்மது இஸ்மாயிலின் மகள். சென்னையில் அனிமேஷன் படித்துவிட்டுச் சில வருடம் அங்கேயே வேலை பார்த்து, அத்தாவுக்கு நெஞ்சுவலி வந்தபோது ஊர் திரும்பியவள். கூடப் படித்த ஹரிபிரசாத் சிவகாசியில் விளம்பர ஸ்டுடியோ வைத்திருந்தான். அங்கே பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் வரைந்தாள். சிங்கம், மயில், ராக்கெட்டில் ஏறிய குரங்கு என்று வரைந்து சலித்திருந்த நேரத்தில் இந்தப் படத்து வேலை வந்தது. ஹரியின் அப்பாதான் லட்சுமிகாந்தம். பாதுகாப்பு வாரத்துக்காகப் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் காட்ட ஒரு குட்டிப் படம் வேண்டும், மிருகங்களை வைத்து இருந்தால் பிள்ளைகள் ரசிப்பார்கள் என்று அவரே கேட்டிருந்தார்.

“தொழிலாளிங்க பிள்ளைங்களை வச்சே கதை பண்ணுவேன். நடுவுல யாரும் கை வைக்கக் கூடாது” என்று சுமைரா நிபந்தனை போட்டாள்.

“தாராளமா பண்ணு” என்றான் ஹரி.

முனீஸ்வரியின் அப்பா தனுஷ்கோடி லோடு ஆட்டோ ஓட்டுகிறவர். எந்தக் கம்பெனி பணத்தில் படம் எடுக்கிறார்கள் என்று தெரிந்ததும் நேராக நூலகத்துக்கு வந்து மகளின் கையைப் பிடித்து இழுத்தார். முனீஸ்வரி வர மறுத்தாள். அவள் செய்த எருமை கோணல் மாணலாக மேசையில் நின்றது. அதன் முதுகில் சவாரி போகிற கோழியைக் காட்டி, “இது கொட்டாவி விடும்ப்பா” என்றாள். அம்மா போன பிறகு வீட்டில் கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்கிற பிள்ளை அது. தனுஷ்கோடி பிடித்த கையை விட்டார்.

“என் பிள்ளையை நம்பி விடுதேன் டீச்சர். பாத்துக்கிடுங்க” என்று சொல்லிவிட்டுப் போனார்.

களிமண் படம் எடுப்பது லேசான வேலை இல்லை. பொம்மையைக் கடுகளவு நகர்த்தி ஒரு போட்டோ, மறுபடி நகர்த்தி மறுபடி ஒரு போட்டோ. ஒரு பகல் முழுக்க எடுத்தால் திரையில் கோழி ஒரு தடவை கொட்டாவி விடும். சித்திரை வெயிலில் எருமையின் கொம்பு மதியத்துக்குள் உருகிக் காதோடு ஒட்டிக்கொள்ளும். பொம்மைகளை ஐஸ் தட்டில் படுக்கவைத்து எடுத்து வருவார்கள். பக்கத்தில் எங்காவது வெடி போட்டுப் பார்த்தால் மேசை அதிர்ந்து ஆமை தள்ளிப் போய் நிற்கும். அதுவரை எடுத்ததெல்லாம் குப்பை. பிள்ளைகள் கத்துவார்கள், சிரிப்பார்கள், திரும்ப முதலில் இருந்து தொடங்குவார்கள்.

கதை இதுதான். வானத்தில் நட்சத்திரம் எல்லாம் தேய்ந்துபோகிறது. காட்டில் நரி ஒரு கம்பெனி தொடங்குகிறது. அணில், கோழி, ஆமை, முயல் எல்லாம் உட்கார்ந்து புது நட்சத்திரம் உருட்டுகின்றன. எருமை சுமந்துகொண்டு போய் மலை உச்சியில் இருந்து வானத்தில் ஒட்டுகிறது. நரி மேலும் மேலும் ஆட்களைக் கூட்டி வந்து ஒரே குகைக்குள் அடைக்கிறது. குகை வாசலில் உருட்டின நட்சத்திரங்களை அடுக்குகிறது. ஒரு நாள் குகை வெடிக்கிறது. அணில் செத்துப்போகிறது. எருமை நரியின் முன்னால் போய் நின்று, “நாலு பேரு உக்கார்ற குகையில ஒம்பது பேரை எதுக்கு உக்கார வச்ச?” என்று கேட்கிறது. நரியிடம் பதில் இல்லை. மிருகங்கள் எல்லாம் குகையை விட்டு வெளியே வந்து மரத்தடியில் தள்ளித் தள்ளி உட்கார்ந்து வேலை பார்க்கின்றன. அவ்வளவுதான் படம். கதை சொல்கிற குரல் முனீஸ்வரியுடையது.

முடித்த படத்தை லட்சுமிகாந்தம் தன் அலுவலகத்தில் பார்த்தார். வெள்ளை வேட்டி, நெற்றியில் விபூதி, எல்லாரையும் மரியாதையாகப் பேசுகிற மனிதர். யார் வந்தாலும் முதல் வார்த்தை, “சாப்பிட்டீகளா?” என்பதுதான். கோழி கொட்டாவி விட்டபோது வாய்விட்டுச் சிரித்தார். படம் முடிந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“நல்லா எடுத்திருக்கீகம்மா. ஒரே ஒரு வரி மாத்திக்கிடணும். எருமை கேள்வி கேக்குறது வேண்டாம். அணிலு பேச்சு சுவாரசியத்துல கவனமில்லாம உரசிருச்சு, அதான் வெடிச்சுதுன்னு போட்டுக்கிடுங்க. பாதுகாப்புப் படம்னா பாதுகாப்பச் சொல்லணும்ல?”

“அது நடந்தது இல்லையே அண்ணாச்சி.”

“அணிலு நட்சத்திரம் உருட்டுனது மட்டும் நடந்ததாக்கும்?” என்று சிரித்தார்.

சுமைராவுக்குச் சிரிப்பு வரவில்லை. “அதுல கதை சொல்ற குரல் யாரோடதுன்னு தெரியுமா?”

“தெரியுமே. மாரித்தாய் மகள். அதுக்கு ஸ்கூல் பீஸே நாந்தான கட்டுதேன்.”

சாதாரணமாகச் சொன்னார். தெரிந்தேதான் கேட்கிறார் என்பது சுமைராவுக்கு உறைக்கச் சற்று நேரம் ஆனது.

“முடியாது. படம் இப்படியேதான் போகும். இல்லன்னா போகவே வேண்டாம்.”

லட்சுமிகாந்தம் முகம் மாறாமல், “காபி குடிச்சிட்டுப் போங்க” என்றார்.

வெளியே வந்ததும் ஹரி அவளைச் சமாதானப்படுத்தினான். “அப்பாட்ட நான் பேசிக்கிறேன் சுமி. நீ டென்ஷன் ஆகாத. ஒரு எழுத்துக்கூட மாறாது.”

அவள் நம்பினாள். காரியாபட்டியில் மாமா வீட்டுக் கல்யாணம். கல்யாணத்தோடு சில நாட்கள் அங்கேயே தங்கிவிட்டாள்.

*

பாதுகாப்பு வார விழா சிவகாசியில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. பல பள்ளிகளில் இருந்து பஸ் வைத்துப் பிள்ளைகளைக் கூட்டி வந்திருந்தார்கள். சீருடையும் சத்தமுமாக மண்டபம் நிறைந்திருந்தது. படம் செய்த விஸ்வநத்தம் பிள்ளைகளுக்கு முன்வரிசை. தனுஷ்கோடி ஆட்டோவுக்கு லீவு போட்டு, இஸ்திரி போட்ட சட்டையோடு மகள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். சுமைராவைப் பார்த்ததும் எழுந்து கும்பிட்டார். முனீஸ்வரி மட்டும் அவளைப் பார்க்காமல் குனிந்துகொண்டாள். கூச்சம் என்று சுமைரா நினைத்துக்கொண்டாள்.

படம் ஓடியது. எருமை நடந்தது, பிள்ளைகள் கை தட்டினார்கள். கோழி கொட்டாவி விட்டது, மண்டபம் குலுங்கியது. குகை வெடித்தது. எல்லாச் சத்தமும் அடங்கிய அந்த இடத்தில் முனீஸ்வரியின் குரல் தெளிவாகக் கேட்டது.

“அணிலு பேசிக்கிட்டே வேலை பாத்துச்சு. கவனமில்லாம நட்சத்திரத்த உரசிருச்சு. தப்பு அணிலு மேலதான். நாம எல்லாரும் கவனமா இருக்கணும்.”

எருமை நரியின் முன்னால் போய் வாயைத் திறக்கவே இல்லை. அந்த இடம் வெட்டப்பட்டிருந்தது. கம்பெனியின் பெயரும் “கவனமே பாதுகாப்பு” என்ற வாசகமும் திரையில் வந்தன.

வேறு பிள்ளையை வைத்துப் பேசவைத்திருந்தால்கூட அது ஒரு திருட்டு. இது முனீஸ்வரியின் குரலேதான். கொஞ்சம் மூச்சு வாங்கி, ஒவ்வொரு வார்த்தையாக, மனப்பாடச் செய்யுள் ஒப்பிப்பதுபோல் பேசியிருந்தாள்.

தனுஷ்கோடி எழுந்து நின்றார். மகளைப் பார்த்தார். பிறகு வரிசைக்கு ஓரமாக நின்றிருந்த சுமைராவிடம் வந்தார். அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தாங்கியிருக்கலாம்.

“எம் பொண்டாட்டிய ஒரு தடவ கொன்னாக. இப்ப எம்பிள்ள வாயாலயே சொல்ல வச்சிட்டீகளே டீச்சர். உங்கள நம்பித்தான விட்டேன்?”

“அண்ணே, சத்தியமா எனக்குத் தெரியாது. நான் ஊர்லயே இல்ல.”

“நீங்கதான் சொல்லச் சொன்னீகன்னு ஹரியண்ணன் சொன்னாக” என்றாள் முனீஸ்வரி. அழுகையில் வார்த்தை உடைந்தது. “கார்ல கூட்டிட்டுப் போனாக. டீச்சருக்கு உடம்பு சரியில்ல, இத மட்டும் நீ பேசிட்டா படம் முடிஞ்சிரும்னு சொன்னாக. நாலஞ்சு தடவ பேசச் சொன்னாக டீச்சர். சத்தமா பேசச் சொன்னாக.”

தனுஷ்கோடி அதைக் கேட்க நிற்கவில்லை. மகளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே நடந்தார். பத்து வயதுப் பிள்ளையின் கால்கள் அவர் முழங்காலில் இடித்தன.

மேடையில் அடுத்து வந்திறங்கிய பள்ளிகளுக்காகப் படத்தை மறுபடி போடத் தயாரானார்கள். சுமைரா படியேறிப் போய் லேப்டாப்பில் இருந்த வயர்களை மொத்தமாகப் பிடித்து இழுத்தாள். திரை வெள்ளையானது. பிள்ளைகள் ஓவென்று கத்தினார்கள். லட்சுமிகாந்தம் மைக்கை வாங்கி, “சின்ன டெக்னிக்கல் பிரச்சன தங்கங்களா, எல்லாரும் ஸ்வீட் சாப்பிடுங்க” என்றார்.

திரைக்குப் பின்னால் ஹரி வந்து அவள் கையைப் பிடித்தான். அவள் உதறினாள்.

“ஏன்டா, அந்தப் பிள்ளையையா கூட்டிட்டுப் போயி பேச வச்ச? உனக்கு வேற குரலே கிடைக்கலையா?”

“குரல் மாறினா நல்லா இருக்காது சுமி. ஒரே ஒரு வரிதான் மாத்தினேன்.”

“அறிக்கையிலயும் ஒரே ஒரு வரிதான்டா எழுதினீங்க.”

“மெல்லப் பேசு. அப்பாவ நம்பி எத்தன குடும்பம் இருக்கு தெரியுமா? இந்த வருஷம் ஏற்கெனவே ஆர்டர் பாதிதான். உன் எருமை ஒரு கேள்வி கேக்கும், நாளைக்கு இன்ஸ்பெக்‌ஷன் வரும், கம்பெனிய மூடுவான். அந்த ஜனங்க என்ன செய்யும்?”

“ஒம்பது பேரை உக்கார வச்சப்ப அந்த ஜனங்களை நெனச்சீங்களா?”

அவன் தலையைத் திருப்பிக்கொண்டு, “நாளையில இருந்து நீ ஸ்டுடியோவுக்கு வர வேண்டாம்” என்றான்.

“நீ கூப்பிட்டாலும் வரமாட்டேன்.”

விருதுநகர் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் கிடைத்தும் வெளியே எதுவும் அவள் கண்ணில் படவில்லை. தனுஷ்கோடி அவளை அறைந்திருந்தால் பரவாயில்லை என்று திரும்பத் திரும்பத் தோன்றியது.

வீட்டுக்குச் செய்தி அவளுக்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தது. இஸ்மாயில் வாசலிலேயே கத்தினார்.

“மேடையில ஏறி வயரப் பிடுங்குனியாமே? அவுக சொந்தக்காரக கிட்டத்தான் நான் மண்டிக்குச் சரக்கு வாங்குதேன். நாளைக்கு ஒருத்தன் சரக்குத் தரமாட்டான். எதுக்கும்மா நமக்கு இந்த வம்பு? நாம இருக்கிற இருப்புக்கு ஊரோட சண்ட போட முடியுமா?”

“நான் ஊரோட சண்ட போடலத்தா. அந்த ஆளோடதான் போடுறேன்.”

“ரெண்டும் ஒண்ணுதான் இங்க.”

அவள் நடந்ததை முழுக்கச் சொன்னாள். சொல்லச் சொல்ல அவளுக்குக் கோபம் கூடிக்கொண்டே போனது. கடைசியில் அவள்தான் கத்திக்கொண்டிருந்தாள், இஸ்மாயில் பேச்சை நிறுத்தியிருந்தார்.

“அந்தப் பிள்ளைய வச்சேவா?” என்று கேட்டார். “பெத்தவளப் பத்தி?”

“ஆமா.”

“ஹராமி” என்றார் இஸ்மாயில். அவர் வாயில் இருந்து அப்படி ஒரு வார்த்தை வந்து அவள் கேட்டதில்லை.

*

தனுஷ்கோடி அவளை வீட்டுக்குள் விடவில்லை. மறுநாள் காலையில் போனபோது ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்தவர், “போயிருங்க டீச்சர், வாயில ஏதாச்சும் வந்துரும்” என்றார். அவள் போகவில்லை. வெயிலில் நின்றபடியே சொன்னாள், தன் கேமராவில் எடுத்த படங்கள் எல்லாம் தன்னிடமே இருக்கின்றன, வெட்டப்பட்ட இடமும் இருக்கிறது, முனீஸ்வரி முதலில் பேசிய குரலும் இருக்கிறது என்று. அதைச் சேர்த்துப் படத்தைப் பழையபடி ஆக்கிவிடலாம் என்றாள்.

“ஆக்கி? அந்த மண்டபத்துல இருந்த அம்புட்டுப் பிள்ளைகளும் கேட்டுட்டுப் போயிருச்சே. அதுக காதுல இருந்து எடுக்க முடியுமா?”



உள்ளே இருந்து முனீஸ்வரி வந்தாள். முந்தின நாள் சீருடையைக்கூட மாற்றவில்லை. கண்கள் வீங்கியிருந்தன. ஆனால் இப்போது அழவில்லை.

“பழைய குரல் வேணாம். நான் புதுசாப் பேசணும்.”

“வேணாம் தாயி, விட்ரு” என்றார் தனுஷ்கோடி.

“நாந்தானப்பா அப்பிடிச் சொன்னேன்? அப்ப நாந்தான் மாத்திச் சொல்லணும்.”

“நீ சொல்லல. அவுக சொல்ல வச்சாக” என்றாள் சுமைரா.

“என் வாயிதான டீச்சர்?”

தனுஷ்கோடி துணியைத் தரையில் அடித்தார். ஆட்டோவின் பின்பக்கத் தகரத்தில் ஓங்கி ஒரு குத்துக் குத்தினார். பிறகு, “ஏறுங்க” என்றார் இருவரையும் பார்த்து.

எங்கே போவது என்பது அதற்குப் பிறகுதான் கேள்வியானது. சிவகாசியில் எந்த ஸ்டுடியோவும் இடம் தராது. சுமைரா அத்தாவுக்குப் போன் செய்தாள். இஸ்மாயில், “மண்டி மாடியில மூட்டைய ஒதுக்கிப் போடச் சொல்லுதேன். வாங்க” என்றார்.

மிளகாய் மண்டி மாடியில் உட்கார்ந்து ஒலிப்பதிவு செய்வதைப்போல் ஒரு கொடுமை இல்லை. இரண்டு வரி பேசுவதற்குள் யாராவது தும்மினார்கள். தனுஷ்கோடி இருமி இருமிக் கீழே இறங்கிப் போய்விட்டார். கீழே எடைபோடுகிற ஆட்களை இஸ்மாயில், “ஏலே, சத்தம் போடாதீகடா” என்று சத்தம் போட்டு அடக்கினார். முனீஸ்வரி மூக்கை ஈரத் துணியால் மூடிக்கொண்டு தன் முறை வரும்போது மட்டும் எடுத்தாள்.

படம் செய்த மற்றப் பிள்ளைகளும் வந்து தங்கள் குரலைப் புதிதாகவே பேசினார்கள். நரிக்குக் குரல் கொடுத்த பையனை அவன் வீட்டில் அனுப்ப மறுத்துவிட்டார்கள். அவன் அப்பா கம்பெனியில் போர்மேன்.

“நரிக்கும் நானே பேசுதேன்” என்றாள் முனீஸ்வரி.

அவள் நரிக்குப் பேசிய முதல் வரி, யாரும் எழுதிக் கொடுக்காதது. குகைக்குள் ஐந்தாவது, ஆறாவது, ஏழாவது என்று மிருகங்களைத் தள்ளும்போது ஒவ்வொன்றிடமும் நரி கனிவாக, “சாப்பிட்டீகளா? சாப்பிட்டீகளா?” என்று கேட்டது. சுமைரா பதிவை நிறுத்தாமல் விட்டாள்.

குகை வெடித்த இடம் வந்தது. முனீஸ்வரி துணியை எடுத்துக் கீழே வைத்தாள்.

“அணிலு செத்துப்போச்சு. அணிலு பேரு மாரித்தாய். அணிலு மேல தப்பு இல்ல. நான் அன்னைக்குச் சொன்னது பொய்யி. நாலு பேரு இருக்கிற இடத்துல ஒம்பது பேர அடச்சது நரி. வாசல அடச்சதும் நரி. கவனமில்லாம இருந்தது நரிதான்.”

சொல்லி முடித்ததும் தும்மினாள். சுமைரா அந்தத் தும்மலை வெட்டவில்லை.

*

படத்தை விஸ்வநத்தம் நூலகச் சுவரில் போட்டார்கள். வேலை விட்டு வந்த பெண்கள் கை கால்களில் வெள்ளி நிறப் பட்டாசு மருந்தின் மினுமினுப்போடு அப்படியே வந்து உட்கார்ந்தார்கள். பொழுது முழுதாக இருட்டவில்லை, சுவரில் மிருகங்கள் மங்கலாகத்தான் தெரிந்தன. கோழி கொட்டாவி விட்டபோது யாரும் சிரிக்கவில்லை. “அணிலு பேரு மாரித்தாய்” என்ற இடத்தில் ஒரு பெண் எழுந்தாள்.

“நிப்பாட்டுங்க. ஏம்மா டீச்சர், உனக்கு விருதுநகர்ல மண்டி இருக்கு. எங்களுக்கு என்ன இருக்கு? சீசன் நேரத்துல கம்பெனிய மூட வச்சிட்டு நீ போயிருவ. எங்க சோத்துல மண்ணள்ளிப் போடவா படம் எடுத்த?”

நான்கைந்து பேர் அவளோடு சேர்ந்து கத்தினார்கள். ஒருத்தி சுமைராவின் முகத்துக்கு நேராகக் கையை நீட்டி ஏசினாள். அவர்கள் சொன்னதில் பொய் இல்லை, அதுதான் சுமைராவை இன்னும் எரித்தது.

“மூடச் சொல்லல அத்த” என்றாள் முனீஸ்வரி. நாற்காலி மேல் ஏறி நின்றிருந்தாள். “படத்துல கம்பெனி மூடலையே. மரத்தடியில தள்ளித் தள்ளித்தான உக்காந்து வேல பாக்குதுக? மறுபடி போடுதேன், நல்லாப் பாருங்க.” பிறகு முதலில் கத்திய பெண்ணைப் பார்த்து, “நீங்க இருக்கிற ரூமுல இப்ப எத்தன பேரு?” என்று கேட்டாள்.

பின்னால் இருந்து வேறு ஒருத்தி சொன்னாள், “ஏழு.”

“எங்கதுல எட்டு.”

“எங்க ரூமுல வாசல்லயே பெட்டி கெடக்கு. மாரித்தாயிக்குக் கெடந்த மாதிரியேதான் கெடக்கு.”

அதற்குப் பிறகு படம் ஓடவில்லை. ஒருத்தி பேச ஒருத்தி பேச, குரல்கள் உயர்ந்துகொண்டே போயின. முதலில் சுமைராவை ஏசியவள்தான் இப்போது எல்லாரையும்விடச் சத்தமாக ஏசினாள், போர்மேனை, அண்ணாச்சியை, அன்றைக்கு அறிக்கைக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்ட தன் புருஷனை.

மறுநாள் காலையில் கம்பெனிக்கு வேலைக்குப் போன பெண்கள் ரூமுக்கு நான்கு பேராக உட்கார்ந்தார்கள். மீதிப் பேர் வெளியே வேப்பமரத்தடியில் நின்றார்கள். போர்மேன் கத்திப் பார்த்தார். லோடு போகணும், போகணும் என்று கெஞ்சியும் பார்த்தார். லட்சுமிகாந்தம் காரில் வந்து இறங்கி எல்லாரிடமும் தன்மையாகப் பேசினார். யாரும் உள்ளே போகவில்லை. மதியத்துக்கு மேல், பூட்டிக் கிடந்த பழைய ஷெட்டுகளைத் திறந்துவிடச் சொன்னார். வாசலில் இருந்த பெட்டிகளைக் குடோனுக்குத் தூக்கினார்கள். தீபாவளி ஆர்டரை விட அவருக்கு மனமில்லை, அதனால்தான் திறந்தார்.

ஷெட்டுகள் திறந்தன, அறிக்கை மாறவில்லை. தனுஷ்கோடி லட்சுமிகாந்தத்தின் காரை மறித்து நின்று கேட்டார், “எம் பொண்டாட்டி மேல தப்பு இல்லைன்னு ஒரு வார்த்த சொல்லுங்க அண்ணாச்சி. எம்பிள்ள காதுல கேக்கச் சொல்லுங்க.”

“முடிஞ்சுபோனத எதுக்குப்பா கிளறுத?” என்று சொல்லிவிட்டுக் கார்க் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

சுமைராவுக்கு வக்கீல் நோட்டீஸ் வந்தது. படம் கம்பெனியின் சொத்து, அனுமதியில்லாமல் காட்டியது குற்றம். அதற்குள் படம் போன் போனாகப் போய்விட்டிருந்தது. மூன்று வியாபாரிகள் இஸ்மாயிலுக்குச் சரக்குத் தருவதை நிறுத்தினார்கள். அவர் வீட்டில் அதைப் பற்றிப் பேசவில்லை, ஆனால் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைக்கிற சத்தத்தில் தெரிந்தது. பாதுகாப்புப் படத்தைப் பள்ளிகளில் காட்டுவதைக் கம்பெனியே கைவிட்டது.

ஹரி ஒரு நாள் போன் செய்தான். “இப்பச் சந்தோஷமா உனக்கு?”

“இல்ல” என்று சொல்லி வைத்துவிட்டாள்.

திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில், அறிக்கையை மாற்றக் கேட்டு மனு எழுதிக்கொண்டு சுமைரா, தனுஷ்கோடி, முனீஸ்வரி மூவரும் விருதுநகர் கலெக்டர் ஆபீசுக்குப் போனார்கள். வரிசை நீளமாக இருந்தது. மேசைக்குப் பின்னால் இருந்த அதிகாரி மனுவைப் படித்துவிட்டு முனீஸ்வரியைப் பார்த்துச் சிரித்தார்.

“அட, நீதானா அந்த அணில் பாப்பா? என் மகன் உன் படத்தத் திரும்பத் திரும்பப் பாக்குறான். எங்க, ஒரு தடவ பேசிக் காட்டு பாப்போம்.”

முனீஸ்வரி பேசவில்லை.

“மனுவப் படிச்சீகளா சார்?” என்றார் தனுஷ்கோடி.

“படிச்சேன்பா. பழைய கேசு. மேல அனுப்புறேன். பாப்பா, கோழி எப்படிக் கொட்டாவி விடும்?”

தனுஷ்கோடி மகளின் கையைப் பிடித்துக்கொண்டு திரும்பினார். வெளியே மரநிழலில் வந்து நின்றபோது முனீஸ்வரியின் முகம் சிவந்து, மூக்கு விடைத்து, பற்கள் கடிபட்டிருந்தன. “அடுத்த திங்கக்கெழமையும் வருவோம்” என்றாள். “அதுக்கு அடுத்ததும் வருவோம்.”

பிள்ளைக்கு ஐஸ்கிரீம் வாங்கித் தரலாமா என்று தனுஷ்கோடி சுமைராவைப் பார்த்தார். சுமைரா வேண்டாம் என்று தலையசைத்தாள். அந்தக் கோபத்தை யாரும் ஆற்ற வேண்டியதில்லை என்று அவளுக்குத் தோன்றியது. மூவரும் வெயிலில் இறங்கி ஆட்டோவை நோக்கி நடந்தார்கள்.